அரண் காத்தவரும் ஆசானாகலாம்

மாலை நேரத்தில் செனாய் வட்டாரத் திடல்களில் பந்து உருளத் தொடங்கியதும், சிறுவர் பலர் முன்வரிசைக்கே ஓடுகின்றனர். ஜொகூர் டாருல் தக்சிம் அணி 2014ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து சூப்பர் லீக் பட்டத்தை வென்றுவரும் மாநிலத்தில், கோல் அடிக்கும் கனவு இயல்பானதே. ஆனால், பின்வரிசையில் நிறுத்தப்படுவதைத் தண்டனையாகக் கருதும் மனப்பான்மை சரியன்று.

1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியக் காற்பந்து அணிக்குத் தலைமை தாங்கிய எம். சந்திரன், தற்காப்பு ஆட்டக்காரர். மேற்கு ஜெர்மனியிடம் 0-3 எனத் தோற்ற ஆட்டத்தில்கூட, முற்பாதி முழுவதும் நம் அணி ஒரு கோலையும் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் அமெரிக்காவை 3-0 என வென்றது. ஆடிய காலம் முடிந்தபின் சந்திரன் பயிற்றுநராகவும் பணியாற்றினார்.

தற்காப்பில் ஆடியவர் பயிற்றுநராவது வியப்பன்று. பின்வரிசையில் நிற்பவரின் கண்முன் திடல் முழுவதும் விரிந்து கிடக்கிறது. எதிரணியின் நகர்வை அவர் முன்கூட்டியே கணிக்க வேண்டும். இடம் மாறி நிற்கும் தோழரைக் குரல் கொடுத்துத் திருத்த வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடும் வேலை அது. பயிற்றுநரின் வேலையும் அதுவே.

காற்பந்துக்கு மட்டுமே பொருந்தும் உண்மையன்று இது. பந்தைக் கையால் எறிந்தும் சுமந்து ஓடியும் ஆடும் அமெரிக்கக் காற்பந்து முற்றிலும் வேறான விளையாட்டு. அதில் புகழ்பெற்ற தற்காப்பு ஆட்டக்காரர் டியோன் சாண்டர்ஸ். எதிரணியினர் எறிந்த பந்தை 14 பருவங்களில் 53 முறை இடைமறித்துப் பிடித்தவர். 2020ஆம் ஆண்டில் ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்குத் தலைமைப் பயிற்றுநரானார். இளமையில் முடிக்காமல் விட்ட பட்டப்படிப்பையும் அதே ஆண்டில், தம் 53ஆம் வயதை எட்டும் வேளையில், நிறைவு செய்தார். பின்னர், 2022ஆம் ஆண்டில் 12 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்றிருந்த கொலராடோ பல்கலைக்கழக அணியை ஏற்றார். 2024ஆம் ஆண்டில் அவ்வணி 9 வெற்றிகளைப் பெற்றது. அவரிடம் பயின்ற டிராவிஸ் ஹண்டர், அவ்வாண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதைப் பெற்றார்.

எனினும், சாண்டர்ஸின் வழியை அப்படியே பின்பற்ற இயலாது. கொலராடோவில் பழைய ஆட்டக்காரர் பலர் வெளியேற, புதியவர்களைச் சேர்த்தே அவர் அணியைக் கட்டினார். பள்ளிப் பயிற்றுநருக்கு அந்த வசதி இல்லை. கையில் உள்ள மாணவர்களையே அவர் வளர்த்தெடுக்க வேண்டும். மெதுவாக ஓடுபவனுக்கும் அச்சப்படுபவனுக்கும் அவரே ஆசான். புகழ் குறைந்ததாயினும், இப்பணியே கடினமானது.

ஆகவே, கோல் அடித்தவரை மட்டும் மேடையேற்றும் வழக்கத்தைப் பள்ளிகள் மாற்ற வேண்டும். கோல் விழாமல் காத்தவருக்கும் பரிசு உரியது. நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்கள் கீழ்ப்படிவ அணிகளுக்குப் பயிற்சியளிக்க வாய்ப்புத் தரலாம். கற்றுக்கொடுக்கும் ஆற்றல் யாரிடம் உள்ளது என்பது அப்போது புலப்படும். பெற்றோரும் பயிற்றுநர் பணியைப் படித்து அடையவேண்டிய ஒரு தொழிலாக மதிக்க வேண்டும். கால்களின் வேகம் சில ஆண்டுகளில் குறைந்துவிடும். ஆட்டத்தை அறிந்த அறிவோ வயதோடு வளரும். பின்வரிசையில் நிற்கும் மாணவன் இன்று பெறுவது அந்த அறிவையே.