கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிஷம், கம்போங் மேடான் பக்தர்களே

 

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு, அன்னதானப் பாத்திரம் கழுவிட்டு இருந்தோம். ஃபிளாட்டில் தனியா இருக்கும் பாட்டி ஒருத்தர் ஒரு பேப்பரைக் கொண்டுவந்து நீட்டினார். "ஐயா, இதுல என்ன எழுதியிருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க." தண்ணி ஃபில்டர் ஒப்பந்தம். மாசம் 98 வெள்ளி, 36 மாசம். கூட்டிப் பார்த்தா 3,528 வெள்ளி. பாட்டிக்கு வருமானம் மகன் அனுப்புற காசு மட்டும்தான்.

"உங்க பைப் தண்ணி கடினத் தண்ணி, சிறுநீரகத்துல கல்லு வரும்"னு சொன்னாங்களாம். ரெண்டு கிளாஸ் வச்சு, கரண்ட் கம்பி விட்டுக் காட்டினாங்களாம். பைப் தண்ணி காப்பி கலராயிடுச்சு, அவங்க ஃபில்டர் தண்ணி தெளிவாவே இருந்துச்சு. பாட்டி பயந்து கையெழுத்துப் போட்டுட்டார்.

நாங்கள் படிச்சது எஸ்.பி.எம். வரைக்கும்தான். ஆனா தொழிற்சாலையில் பாய்லர் பக்கத்திலேயே இத்தனை வருஷம் ஓடிப்போச்சு. அந்தக் காப்பிக் கலர் தண்ணியில் இருந்த அழுக்கு இல்லை. கம்பியில் ஒண்ணு இரும்பு. கரண்ட் ஓடும்போது அந்த இரும்பு கரைஞ்சு துருவா வருது. சில ஃபில்டர் தண்ணியில் இருக்கிற உப்பையும் எடுத்துடும். உப்பு இல்லாத தண்ணியில் கரண்ட் சரியா ஓடாது, அதனால் நிறம் மாறாது. நம்பிக்கை இல்லைன்னா, அடுத்த தடவை அவங்க தண்ணியில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு அதே கம்பியை விடச் சொல்லுங்க. அதுவும் காப்பி கலராகும்.

கடினத் தண்ணின்னா என்ன? கால்சியம், மெக்னீசியம் அதிகமா கரைஞ்ச தண்ணி. சுண்ணாம்புப் பாறை வழியா வரும் ஊற்று, கிணறு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணியில் இது அதிகம். தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவங்களுக்குத் தெரியும்: சோப்பு நுரைக்காது, முடி பிசுபிசுங்கும், கெண்டிக்குள்ள வெள்ளையா ஓடு கட்டும், பருப்பு வேக நேரமாகும். அங்கே இது நிஜமான கஷ்டம்.

நம்ம கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வருவது பெரும்பாலும் ஆற்றுத் தண்ணி. பாதிக்கு மேல் சிலாங்கூர் ஆறு தருது. அது மலையில் பெய்த மழைத் தண்ணி, மென்மையானது. ஒரு லிட்டரில் 60 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மென் தண்ணி, 180க்கு மேல் போனால் மிகவும் கடினம் என்பது பொதுவான கணக்கு. நம் நாட்டுக் குடிநீர்த் தர அளவு 500 வரை அனுமதிக்குது.

வீட்டிலேயே பார்க்கலாம். போத்தலில் பாதி தண்ணி, கொஞ்சம் சாதாரணப் பட்டை சோப்புச் சீவல் போட்டு நல்லா குலுக்குங்க. பொங்கி நுரை வந்து, கீழே தண்ணி தெளிவா நின்னா அது மென் தண்ணி. நுரை வராம பால் மாதிரி கலங்கினாத்தான் கடினம்.

அப்போ நம்ம தண்ணியில் குறையே இல்லையா? இருக்கு. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் கழிவு கலந்து நாலு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினாங்க. சுமார் 12 லட்சம் இணைப்புகளுக்குத் தண்ணி இல்லை. யாரும் மறந்திருக்க மாட்டோம். தண்ணி கட் ஆகித் திரும்பி வரும்போது பழைய பைப்பில் படிஞ்ச துருவும் மண்ணும் கிளம்பி மஞ்சளா வரும். ஃபிளாட் மாடித் தொட்டியைக் கழுவாம விட்டாலும் அதே கதைதான். இதுக்கு மண் பிடிக்கும் சின்ன ஃபில்டர் போதும், அதையும் காலத்தோட மாத்தணும். மாத்தாத ஃபில்டர் இல்லாததைவிட மோசம். மீட்டருக்கு அப்புறம் உள்ள பைப்பும் தொட்டியும் கட்டட நிர்வாகத்தின் பொறுப்பு, அவங்களைக் கேளுங்க. தெருப் பைப்பில் பிரச்சினைன்னா ஆயர் சிலாங்கூர் 15300.

ஃபில்டர் வாங்குறது தப்புன்னு நாங்கள் சொல்லலை. பயந்து வாங்காதீங்கன்னுதான் சொல்றோம். விற்கிறவங்களும் பிழைக்க வந்த பிள்ளைங்கதான், அவங்களைத் திட்ட வேண்டாம். ஆனா வயசானவங்க பயத்தைக் காசாக்குறது பாவம்.

வீடு தேடி வந்து விற்றால், 1993 நேரடி விற்பனைச் சட்டப்படி கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு 10 வேலை நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். பாட்டி போட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. அன்றிரவே கோவில் மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதினோம், மறுநாள் பதிவுத் தபாலில் அனுப்பிட்டோம். பதில் இன்னும் வரலை. மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கு. கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம். பாட்டியோடு நாங்கள் போவோம்.

வர்ற வெள்ளி பூஜைக்கு அப்புறம் மண்டபத்தில் ஒரு மேசை போடுறோம். வீட்டுத் தண்ணி ஒரு போத்தல், கையெழுத்துப் போட்ட பேப்பர் இருந்தா அதுவும் கொண்டு வாங்க. வெட்கப்பட வேண்டாம். பக்கத்து வீட்டுத் தாத்தா பாட்டிக்கும் சொல்லுங்க, அவங்க ஃபேஸ்புக் பார்க்க மாட்டாங்க.

அம்மன் துணை.