தன்னம்பிக்கை விற்பனைக்கு!

திருப்பாதிரிப்புலியூரில் பேருந்தைவிட்டு இறங்கும் தோழர் ஒரு நிமிடம் நின்று சுவர்களைப் பார்க்கட்டும். சினிமா சுவரொட்டிக்குப் பக்கத்தில், மூலம் பவுத்திர விளம்பரத்துக்கு மேலே, வேறொரு சரக்கு விலைக்கு வந்திருப்பதைக் காண்பார். வேலை வாங்கித் தரும் வகுப்பு! ஆங்கிலம் பேசவைக்கும் வகுப்பு! ஆளுமையை வளர்க்கும் வகுப்பு! சிதம்பரத்துத் தேரோடும் வீதிகளிலும் இதே காட்சிதான். தட்டெழுத்துப் பொறியின் தடதடப்பு கேட்ட மாடிகளில் இன்று "நீ சாதிக்கப் பிறந்தவன்" என்ற முழக்கம் கேட்கிறது. தட்டெழுத்து கற்றவன் கையில் ஒரு தொழிலாவது மிஞ்சியது. முழக்கம் கேட்டவன் கையில் மிஞ்சுவது ரசீது!

கேலிக்காக இதை எழுதவில்லை. முதுநகர்த் தோழர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். சிப்காட் ஆலையொன்றில் ஒப்பந்தக் கூலி. மகன் பட்டதாரி. மனைவியின் தோட்டை அடகு வைத்து மகனைப் பயிற்சி வகுப்பில் சேர்த்திருக்கிறார்.

"எந்த வகுப்பு?" என்று கேட்டோம்.

"தொகுதி நாலுக்கு ஒண்ணுங்க அண்ணே. ஞாயித்துக்கிழமை பர்சனாலிட்டி கிளாஸ். அதுக்குத் தனிப் பணம்."

"அதில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்?"

"நிமிர்ந்து நிக்கணும், கண்ணைப் பார்த்துப் பேசணும், நம்மால முடியும்னு நெனைக்கணும். அப்படின்னு சொல்றாங்களாம்."

நிமிர்ந்து நிற்பதற்குக் கட்டணம்! பண்ணையார் எதிரே வந்தால் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிய மக்கள் வாழ்ந்த மண் இது. அந்தத் துண்டு மீண்டும் தோளுக்கு ஏறியது எந்த வகுப்பில்? டீக்கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் ஒருவர் பத்திரிகை படிக்க, பத்துப் பேர் கேட்டார்களே, அந்த வகுப்பில்! தெருமுனைக் கூட்டத்தில் தட்டுத்தடுமாறி முதல் பேச்சைப் பேசிய இளைஞன், அடுத்த ஆண்டே அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்று நியாயம் கேட்டானே, அந்த வகுப்பில்! கட்டணம் இல்லை, சான்றிதழும் இல்லை.

கட்சி வேறானாலும் கடலூர் அஞ்சலையம்மாளை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. முதுநகரில் பிறந்தவர். உயர்படிப்புப் படித்தவரல்லர். 1927இல் சென்னையில் நீலன் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் சிறை சென்றார். 1937இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு உறுப்பினராகப் போனார். கண்ணைப் பார்த்துப் பேசும் வித்தையை அவருக்கு எந்த நிபுணர் கற்பித்தார்? போராட்டம் கற்பித்தது.

"அது அந்தக் காலம். இன்று போட்டி அல்லவா?" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஆம், போட்டிதான். அந்தக் கணக்கையும் பார்த்துவிடுவோம்.

2024ஆம் ஆண்டுத் தொகுதி 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல்! பிறகு இடங்களைக் கூட்டினார்கள். கூட்டிய பின்னும் ஓர் இடத்துக்கு 200 பேருக்கு மேல் நின்றார்கள். அந்த 200 பேரும் நாட்டிலேயே சிறந்த ஆசானிடம் பயிற்சி பெற்றதாக வைத்துக்கொள்வோம். 200 பேரும் நிமிர்ந்து நிற்கிறார்கள். 200 பேரும் "என்னால் முடியும்" என்கிறார்கள். வேலை எத்தனை பேருக்கு? ஒருவருக்கு! மீதி 199 பேர்? "உனக்கு உழைப்புப் போதவில்லை, மன உறுதி போதவில்லை, அடுத்த பருவத்துக்கு மறுபடி சேர்" என்று சொல்லி அனுப்புவார்கள். நாற்காலி குறைவு என்ற உண்மை மறைந்துபோகும். பையனிடம்தான் குறை என்பது நிலைத்துவிடும். பணம் போவதைக்கூடப் பொறுக்கலாம். அந்தப் பையன் அப்பன் முகத்தைப் பார்க்கக் கூசி, இரவு பத்து மணிக்குமேல் வீடு திரும்புகிறானே, அதைப் பொறுப்பதெப்படி?

இந்தத் தொழிலின் பெயரிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. 'கோச்' என்பது ஹங்கேரி நாட்டு ஊரொன்றின் பெயரிலிருந்து வந்த வண்டி. 1830களில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தங்களைத் தேர்வு என்னும் ஆற்றைக் கடத்திவிடும் ஆசிரியரை அந்த வண்டியின் பெயரால் பரிகாசமாக அழைத்தார்கள். பரிகாசம் பட்டமாகிவிட்டது. அமெரிக்காவில் டேல் கார்னகி என்பவர் 1912இல் நியூயார்க்கில் மேடைப்பேச்சு வகுப்புத் தொடங்கினார். நண்பர்களைப் பெறுவது எப்படி என்று அவர் எழுதிய புத்தகம் அமோகமாக விற்றது 1936இல். 1929இல் தொடங்கிய பெருமந்தத்தில் மக்கள் வேலையிழந்து தவித்த காலம் அது. வேலை குறையும்போது இந்தச் சரக்குக்கு விலை ஏறும்! 1995இல் இந்தப் பயிற்சியாளர்களுக்கென்று அமெரிக்காவில் ஒரு சங்கமே பிறந்தது. அதுவும் தனியார் சங்கம்தான். மருந்து கொடுக்க வைத்தியருக்குப் பதிவு வேண்டும், லாரி ஓட்ட உரிமம் வேண்டும். பிறர் வாழ்க்கையை ஓட்டிக் காட்டுகிறேன் என்பவருக்கு ஒரு பெயர்ப்பலகை போதும்.

மத்திய அரசு 2024 ஜனவரியில் பயிற்சி நிலையங்களுக்கு நெறிமுறை வெளியிட்டது. 16 வயதுக்குக் குறைந்தோரைச் சேர்க்காதே, பொய் வாக்குறுதி தராதே என்றெல்லாம் எழுதியது. நல்லது. ஆனால் ஆலோசனை கூறும் தொழில் அதன் வரையறைக்கு வெளியே நிற்கிறது. ஆசைகாட்டும் ஆசாமிகளுக்கு அந்த ஓட்டை போதாதா? பெரிய பயிற்சி நிலையத்தில் ஏழை மகன் கட்டும் ஒவ்வொரு 100 ரூபாயின்மீதும் 18 ரூபாய் வரி வாங்குவதை மட்டும் அந்த அரசு மறக்கவில்லை!

நம் மாவட்டத்துக் கதை இன்னும் கசப்பானது. நெய்வேலி நிறுவனம் 2022இல் பட்டதாரிப் பொறியாளர் தேர்வுக்கு 'கேட்' மதிப்பெண்ணை அளவுகோலாக்கியபோது இந்தப் பகுதியே கொதித்தெழுந்தது. நிலத்தைக் கொடுத்தது இந்த ஊர். வேலைக்கு மட்டும் பணம் கட்டிப் படித்தவனோடு ஓடி ஜெயிக்க வேண்டுமாம்! சிதம்பரத்தைப் பாருங்கள். 1929இல் பிறந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979 முதல் அஞ்சல்வழிக் கல்வி தந்தது. ஷிப்டு வேலைக்காரன் இரவில் படித்துப் பட்டம் பெற்ற பாதை அது. 2014-15க்குப் பிறகு அங்கீகாரமின்றி நடந்த தொலைநிலைப் படிப்புகள் செல்லா என்று மானியக் குழு 2022இல் அறிவித்தபோது, படித்தவன் என்ன குற்றம் செய்தான்? இப்படி ஒவ்வொரு கதவாகச் சாத்தினால், அவன் மாடிப்படி ஏறி ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குத்தான் போவான். போகிறவனை நாம் பழிக்கவில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். 2022 மார்ச் 1ஆம் நாள் 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கியது. குடிமைப்பணித் தேர்வுக்குப் படிப்போரில் 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் 7,500 ரூபாய் பத்து மாதத்துக்குத் தருவது அதன் ஒரு கிளை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது; கட்டணமில்லை. தொகுதி 4க்குப் பத்தாம் வகுப்புத் தகுதி போதும். பள்ளிப் பாடநூல்களைக் கரைத்துக் குடித்தவன் பாதி ஆற்றைத் தாண்டிவிட்டான். ஆயினும் பகலில் நடக்கும் இலவச வகுப்பு, பகலெல்லாம் மூட்டை தூக்குகிறவனுக்கு எப்படிப் பயன்படும்? மாலை வகுப்பு வேண்டும், சிதம்பரத்திலும் காட்டுமன்னார்கோயிலிலும் வேண்டும். காலி இடங்களை ஆண்டுதோறும் தவறாமல் நிரப்பவும் வேண்டும். இடத்தை நிரப்பாமல் பயிற்சியை மட்டும் பெருக்குவது, பானையில் சோறு இல்லாமல் இலை போடுவதாகும்.

நம்மையும் கேட்டுக்கொள்வோம். நம் படிப்பகங்கள் எத்தனை ஊரில் திறந்திருக்கின்றன? எத்தனை இடத்தில் கொடிக்கம்பம் மட்டும் நிற்கிறது? ஒரு விளக்கு, இரண்டு பெஞ்சு, ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பாடநூல்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். இதற்குத் தலைமையிலிருந்து கட்டளை வரவேண்டுமா?

முதுநகர்த் தோழரிடம் இலவச வகுப்பைப் பற்றிச் சொன்னோம். "வேலைவாய்ப்பு ஆபீசா? பதிவு போடப் போனதோட சரிங்க. அங்க கிளாஸ் நடக்குதா?" என்று வியந்தார். திங்கட்கிழமை மகனை அழைத்துக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். தோட்டை மீட்கும் கெடு என்றைக்கு என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.