நெடுவழி நடையும் உள மாற்றமும்

நெடுவழி நடத்தலால் மனிதன் மாறுகின்றான் என்பது உலகெங்கும் பேசப்படுவதொன்று. அவனை மாற்றுவது யாது என்னும் வினாவிற்கு விடைகள் பலவாம். உடல் வருந்துதல் என்பார் சிலர். தனிமை என்பார் சிலர். இயற்கையழகு என்பார் பிறர். இவையாவும் ஓரளவு உண்மையே. எனினும், வழிநடப்போனை மெய்யாக மாற்றுவது, முன்பின் அறியாதார் கையினின்று சோறும் நீரும் ஏற்க நேர்தலே என்பது எமது துணிபு.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே வழிநடப்போர்க்கென எழுந்ததன்றோ? பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை காட்டும் வழி நம் புதுவைக்கு அணித்தே கிடக்கின்றது. அதன்கண் வரும் எயிற்பட்டினம் இக்காலத்து மரக்காணம் என்பர் அறிஞர். அப்பட்டினத்தில் நுளையர் சுட்ட மீன் தருவர். வேலூரில் எயினர் புளிங்கறியோடு சோறு தருவர். ஆமூரில் உழவர் நண்டுக் கலவையொடு வெண்சோறு தருவர் என வழி கூறுகின்றார் நத்தத்தனார். மன்னன் நல்லியக்கோடனது பரிசில் வழியின் முடிவில் உள்ளது. அதனை எய்துமுன்னரே மூவகை நிலத்து மக்களின் சோறும் பாணன் வயிற்றிற் புகுந்துவிடுகின்றது. பரிசில் பெறச் சென்றவன் அந்நாட்டு மக்களையே உறவாகப் பெற்றுவிடுகின்றான்.

இவ்வழக்கம் இன்றும் அற்றுப்போகவில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டு 29-இல் வேளாங்கண்ணியிற் கொடியேறுகின்றது. செப்டம்பர் 8-இல் அன்னையின் பிறந்தநாட் பெருவிழா. அதனை முன்னிட்டுப் புதுவையினின்று நடந்தே செல்வோர் பலர். அவருள் இந்துக்களும் உளர். வழி ஏறத்தாழ 160 கிலோமீட்டர். தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய ஆறுகளைக் கடந்து, காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் சென்று, அப்பாற் செல்லவேண்டும். வழியோரத்து ஊரார் மோரும் கஞ்சியும் வழங்குவர்.

அவ்வழியில் யாமும் நண்பர் நால்வரும் கடலூருக்கு அப்பாற் சென்றபொழுது, சேரியொன்றின் முகப்பில் ஒரு மூதாட்டி கலயத்தில் கூழ் கொணர்ந்து நீட்டினார். எம்முள் ஒருவர் கை நீளவில்லை. மூதாட்டி அதனைக் கண்டார்; கண்டும் கலயத்தை மீட்டாரல்லர். "வெயில் கடுமை, தம்பி, குடி" என்றார். நண்பர் குடித்தார். அதன்பின் நெடுந்தொலைவு அவர் ஒன்றும் பேசவில்லை. ஞானத்தண்ணீர் பெற்ற குடியிற் பிறந்தும் சாதியைக் கழுவிக்கொள்ளாதார் நம்மிடையே இல்லையெனத் துணிந்து கூறவல்லார் யார்?

இது நம் ஊர்க்குப் புதிதன்று. 1745-இல் புதுவையிலிருந்த கிறித்தவக் கோயிலொன்றிற் சாதிபற்றி மக்களைப் பிரித்து நின்ற சுவர் இடிக்கப்பட்ட செய்தியை ஆனந்தரங்கம் பிள்ளையவர்கள் தம் நாட்குறிப்பிற் பொறித்துள்ளார். கற்சுவரை இடிக்க ஒருநாட் போதும். உள்ளத்துச் சுவரை இடிக்கவோ, பசியும் வெயிலும் நெடுவழியும் ஒருங்கு கூடவேண்டியிருக்கின்றன.

ஏற்போன் மட்டுமோ மாறுகின்றான்? ஈவோனும் மாறுகின்றான். 1930 ஏப்பிரல் 13-ஆம் நாள் இராசகோபாலாச்சாரியார் தொண்டர் ஏறத்தாழ நூற்றுவருடன் திருச்சிராப்பள்ளியினின்று வேதாரணியத்திற்கு உப்பெடுக்க நடந்தார். அவர்க்கு உணவும் உறையுளும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை மாவட்ட ஆட்சித்தலைவர் தார்ன் அறிவித்தார். மக்களோ சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளிற் கட்டித் தொங்கவிட்டனர். அதுகாறும் அரசுக்கு அஞ்சி வாழ்ந்தோர் ஒரு பிடி சோற்றால் அச்சம் நீங்கினர். தொண்டரும் ஏப்பிரல் 28-இல் வேதாரணியம் எய்தினர்.

நடந்து சென்றும் மாறாது மீள்வோர் பலராயிற்றே என்பார்க்கு எமது விடை இது: அவர்தம் பின்னே வண்டியொன்று வருகின்றது. சோறு, நீர், படுக்கை அனைத்தும் அதனுள் உள. யாரிடமும் எதுவும் ஏற்க அவர்க்குத் தேவையில்லை. கைப்பேசி காலடிகளை எண்ணுகின்றது, எண்ணிக்கை வளர்கின்றது, உள்ளமோ புறப்பட்ட இடத்திலேயே நிற்கின்றது.

பிறிதொன்றும் ஈண்டுக் கூறற்பாலது. 2020-இல் ஊரடங்கின்போது வேலையும் ஊர்தியும் இழந்த தொழிலாளர் பல்லாயிரவர் நெடுஞ்சாலைகளில் நடந்தே தம் ஊர் சென்றனர். அவர்தம் நடையை உள மாற்றத்திற்குரிய பயிற்சி எனப் புகழ்தல் கொடுமையாம். அஃது அவர் விரும்பி மேற்கொண்டதன்று. வேண்டி நடப்போன், வேறுவழியின்றி நடப்போனை மறத்தலாகாது. அவனுக்கு ஒரு கலயம் நீர் நீட்டக் கற்றிலனேல், அவன் எத்தனைக் காதம் நடந்தும் பயனென்னை?

ஆதலின், மாணவ நண்பர்காள், விடுமுறையில் ஒருமுறையேனும் நடமின். கோயிலுக்காயினும் ஆகுக, பழம் பட்டினங்களைக் காண்டற்காயினும் ஆகுக. பகலொளியில், சாலையின் ஓரம்பற்றிச் செல்மின். மூட்டையைச் சிறிதாக்குமின். வழியில் ஒருவர் தருவதை, அவர் யாவர் என வினவாது ஏன்மின். மீண்டபின், நும் வாயிலைக் கடந்து நடப்போர்க்கு நீவிரும் அவ்வாறே ஈமின்.