தூசித் திரைக்குப் பின்னால்

கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள விண்மீன் மண்டலங்களின் சுருள் கரங்களைத் தெளிவாகப் படமெடுக்கிறோம். நாம் குடியிருக்கும் பால்வெளி மண்டலத்தில் விண்மீன் கொத்துகள் எத்தனை என்பதை மட்டும் இன்னும் எண்ணி முடிக்கவில்லை. சிலியின் பரனால் மலைப் பகுதியிலுள்ள விஸ்டா தொலைநோக்கி 96 புதிய கொத்துகளைக் காட்டியதாக 2011-இல் அறிவிக்கப்பட்டபோது, அதுவரை அறியப்பட்டவை சுமார் 2,500 மட்டுமே. மறைந்திருப்பவை 30,000 வரை இருக்கலாம் என்று அப்போது மதிப்பிடப்பட்டது.

காரணம் எளிது. மண்டலத்தின் தட்டையான வட்டுக்குள்ளேயே நாம் இருக்கிறோம். அதில் பரவியுள்ள தூசி, கண்ணுக்குப் புலனாகும் ஒளியை விழுங்கிவிடுகிறது. இளம் கொத்துகளோ தாம் பிறந்த மேகத்துக்குள்ளேயே புதைந்திருக்கின்றன. சில பத்து லட்சம் ஆண்டுகளில் மேகம் கலையும்போது பெரும்பாலான கொத்துகளும் சிதறிவிடுகின்றன. எஞ்சியவற்றை மட்டும் எண்ணுவது, முதியோர் பட்டியலை வைத்துக்கொண்டு பிறப்பு விகிதத்தைக் கணிப்பதற்கு ஒப்பாகும். சூரியனும் இத்தகைய ஒரு கொத்தில் பிறந்திருக்கலாம் என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர்.

அகச்சிவப்புக் கதிர்கள் தூசியை ஊடுருவி வருபவை. ஆயினும் படத்தில் விண்மீன்கள் நெருங்கித் தெரியும் இடமெல்லாம் கொத்து ஆகிவிடாது. தூசி மெலிந்த ஓர் இடைவெளி வழியே பின்னணி விண்மீன்கள் தெரிந்தாலும் அப்படித்தான் தோன்றும். நிறம், நிறமாலை, நகர்வு ஆகியவற்றைச் சோதித்தாக வேண்டும். பழைய பட்டியல்களில் இருந்த சில 'கொத்துகள்' தற்செயல் தோற்றங்களே என்பதை கையா விண்கலத்தின் துல்லியமான அளவீடுகள் உணர்த்தின. ஆனால், கையா கண்டது பெரும்பாலும் கட்புலனாகும் ஒளியை. அடர்ந்த தூசிக்குள் அதனால் பயனில்லாமல் போயிற்று. ஆகவே, ஒரே வானப் பரப்பை அகச்சிவப்பில் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் படமெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. தலைப்புச் செய்தியாகாத, சலிப்பூட்டும் பணி இது.

இந்தப் பணிதான் நிதி நெருக்கடியில் எளிதில் பலியாகும் என்பது என் அச்சம். 2025 மே மாதம் அமெரிக்க அதிபர் மாளிகை முன்வைத்த வரவு செலவுத் திட்டம், நாசாவின் அறிவியல் ஒதுக்கீட்டைச் சுமார் 730 கோடி டாலரிலிருந்து 390 கோடியாகக் குறைக்கப் பரிந்துரைத்தது. முடிவெடுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே என்றாலும், பல ஆண்டுகள் தொடர வேண்டிய ஆய்வுகளை ஆண்டுதோறும் ஐயத்தில் நிறுத்துவதே ஒரு சேதம்தான்.

2003-இல் ஏவப்பட்ட ஸ்பிட்சர் தொலைநோக்கி 2020-இல் ஓய்வுபெற்றது. அதன் படங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்த 'பால்வீதித் திட்டம்' 2010-இல் தொடங்கியது. அதில் பங்கேற்ற தன்னார்வலர்கள், தேடச் சொல்லப்படாத மஞ்சள் புள்ளிகளைத் தாமாகவே சுட்டிக்காட்டினர். அவ்வாறு தொகுக்கப்பட்டவை 900-க்கும் மேல். பெருநிறை விண்மீன்கள் உருவாகும் தொடக்கநிலையின் அடையாளங்கள் அவை. வேறொரு நோக்கத்துக்காக எடுத்த படங்கள், முறையாகப் பாதுகாக்கப்பட்டு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டதால் கிடைத்த விளைச்சல் இது. இனி வரவிருக்கும் ரோமன் விண்வெளித் தொலைநோக்கிக்கு, பால்வெளி வட்டை அகச்சிவப்பில் அளக்கவென்றே சுமார் 700 மணி நேரம் வகுக்கப்பட்டுள்ளது. அந்தப் படங்களைப் பல்லாண்டுகள் பேணிக் காக்கும் செலவைப் பற்றி, நான் படித்த நிதி விவாதங்களில் பேச்சே காணோம்.