கை நடுங்கினால் குடிகாரரா?

கை நடுங்குகிற ஒருவரைக் கண்டவுடன் நம் ஊரில் எழுகிற முதல் கேள்வி என்ன? "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டாரா?" என்பதுதான். மற்றவர்களைக் குறை கூற எனக்குத் தகுதி இல்லை. கல்லூரியில் சேர்ந்த புதிதில், பட்டரைவாக்கம் ரயில் நிலையத்தில் பெட்டியில் ஏற முடியாமல் கால் ஒட்டியதுபோல் நின்ற ஒரு பெரியவரைப் பார்த்து நண்பர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். அப்போது சிரித்தவர்களில் நானும் ஒருவன். இரண்டு ஆண்டுகள் கழிந்தன. அதே கேள்வியை என் தந்தையாரைப் பார்த்து ஊர் கேட்டது. சிரித்த கடனை வட்டியும் முதலுமாகக் கட்டினேன். அந்த அனுபவமே இக்கட்டுரையை எழுதச் செய்தது.

என் தந்தையார் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் லேத் ஓட்டிய கடைசல் தொழிலாளி. இருபத்தாறு ஆண்டு அனுபவம். அவருக்குத் தெய்வம் ஒன்று உண்டென்றால் அதன் பெயர் 'அளவு'. "அளவு கூடினா மறுபடி கடையலாம், குறைஞ்சா அது ஸ்கிராப்தான்" என்று அடிக்கடி சொல்வார். வாழ்நாளில் மதுவைத் தொட்டறியாதவர்.

நோய் நடுக்கத்தோடு வரவில்லை. பட்டறையின் உற்பத்திப் பதிவேட்டில் அவர் எழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போயிற்று. வரியின் தொடக்கத்தில் நெல்லளவு இருந்த எழுத்து, முடிவில் கடுகளவாயிற்று. நடக்கும்போது வலக்கை வீசாமல் தொங்கியது. சட்டைப் பொத்தான் போடக் கால்மணி நேரம் ஆயிற்று. முகத்தில் சிரிப்பும் கோபமும் ஒன்றுபோல் ஆயின. "ஏன் எப்பப் பார்த்தாலும் கோவமாவே இருக்கீங்க?" என்று அம்மா வருந்துவார். பிறகுதான் நடுக்கம். அதிலும் ஒரு புதுமை! மைக்ரோமீட்டரைப் பிடிக்கும் கை அவ்வளவாக நடுங்கவில்லை. மடியில் சும்மா கிடக்கும் கைதான், கட்டைவிரலால் மாத்திரை உருட்டுவதுபோல் ஆடிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் பார்த்தார். "பெரியவரே, ராத்திரிச் சரக்கு இன்னும் எறங்கலையா?" என்றார். இரண்டு மாதத்தில் தந்தையார் லேத்திலிருந்து எடுக்கப்பட்டு, பெட்டி கட்டும் பகுதிக்கு அனுப்பப்பட்டார். நாங்களோ, "வயதாகிவிட்டது, நடுங்கத்தானே செய்யும்" என்று ஓராண்டை வீணாக்கினோம். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்குதான்.

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையில், மருத்துவர் அவரை நடக்கச் சொன்னார். விரல்களைத் தட்டச் சொன்னார். ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். "பார்க்கின்சன் நோய்" என்றார். நம்மவர் நடுக்குவாதம் என்றும் கம்பவாதம் என்றும் சொல்லி வந்தது இதைத்தான். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டு ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதிய சிறு நூலே அந்தப் பெயருக்குக் காரணம்.

வேதியியல் மாணவனாகிய நான் அன்றிரவு நூல்களைத் தேடினேன். கையை அசைக்க வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம், கை அசைகிறது. இடையில் நடப்பது என்ன? நடுமூளையில் கறுப்பாகத் தோன்றும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்பார்கள். அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்னும் இரசாயனத் தூதுவனைச் செய்து, ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்கு அனுப்புகின்றன. அங்கே 'செல்' என்று சொல்லும் பாதை ஒன்று. 'நில்' என்று சொல்லும் பாதை மற்றொன்று. டோபமின் முன்னதை ஊக்குவிக்கிறது, பின்னதை அடக்குகிறது. டோபமின் குறைந்தால் 'நில்' என்பதே ஓங்கி நிற்கும். பட்டரைவாக்கத்தில் அந்தப் பெரியவரின் காலைப் பிடித்துக்கொண்டது மது அன்று, இந்த 'நில்'தான்.

இந்தத் தூதுவனின் அளவைக் காக்க இயற்கை வைத்திருக்கும் காவலைப் பாருங்கள்! டைரோசின் என்ற அமினோ அமிலம் முதலில் டோபாவாக மாறுகிறது; டோபா பிறகு டோபமினாக மாறுகிறது. முதற்படியை நடத்தும் நொதிதான் வேகத்தை நிர்ணயிக்கிறது. டோபமின் மிகுந்தால் அந்த நொதி மந்தமாகிறது. செய்த சரக்கு நுண்ணிய பைகளில் அடைத்து வைக்கப்படுகிறது. நரம்பில் செய்தி வந்தால் பை திறக்கிறது. வெளியே எவ்வளவு கொட்டியது என்பதை அனுப்பிய அணுவே உணர்ந்து, அதிகமானால் நிறுத்துகிறது. மிஞ்சியதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதில் ஒரு பகுதியை வேறு நொதிகள் சிதைக்கின்றன. இதை விளக்கியபோது தந்தையார் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "அப்போ அங்கயும் ஸ்டோர் கணக்கு உண்டுன்னு சொல்லு." ஸ்டோரில் பாதிக்கு மேல் காலியாகும்வரை உடல் வெளியே காட்டிக்கொள்வதில்லை. காட்டும்போது, செத்த அணுக்கள் திரும்புவதில்லை. குறைந்தால் ஸ்கிராப்தான் என்று அவர் சொன்னது அவர் மூளைக்கே பொருந்திற்றே என்று நான் அன்று அழுதேன்.

இந்தக் கணக்கை உலகம் அறிந்ததில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. நம் மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கிய சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் என்பதை 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் ஆங்கில மருத்துவ இதழில் எழுதினார். அதிலிருந்து 1952இல் சுவிட்சர்லாந்தில் ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அந்த ரெசர்பின் டோபமின் பைகளைக் காலியாக்கிவிடும். ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு அதைக் கொடுத்தார். முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. டோபாவைக் கொடுத்தார், எழுந்து நடந்தன! இது 1957இல். இத்துறைப் பணிக்காக 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். 1960இல் வியன்னாவில் ஏரிங்கரும் ஹார்னிகீவிச்சும், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் ஸ்ட்ரையேட்டத்தில் டோபமின் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டார்கள்.

இன்னும் அருகில் வாருங்கள். வேலிகளில் படரும் பூனைக்காலிக் கொடியை நம்மில் பலர் அறிவோம். அதன் காய்ச் சுணை பட்டால் அரிப்பு உயிரை வாங்கும். அதன் விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து 1937இல் பயோகெமிக்கல் ஜர்னலில் வெளியிட்டவர்கள் தாமோதரன், இராமசாமி என்ற இருவர். இடம், நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடம்! அன்று மூளைக்கும் அதற்கும் உள்ள உறவை யாரும் அறியார். அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்ஸியாஸ் டோபாவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்து நோயாளிகளை நடக்க வைத்தது 1967இல். முப்பது ஆண்டு கழித்து. "இந்தச் சோதனையால் என்ன பயன்?" என்று ஆய்வுக்கூடத்தில் அலுத்துக்கொள்ளும் நண்பர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால், "மாத்திரை எதற்கு? பூனைக்காலிப் பொடி போதுமே" என்று சொல்லும் அண்டை வீட்டாரோடு எனக்கு உடன்பாடில்லை. விதைக்கு விதை லெவோடோபாவின் அளவு மாறும். மாத்திரையோடு மருத்துவருக்குத் தெரியாமல் பொடியும் சேர்ந்தால் கணக்குத் தப்பும். டோபமினை அப்படியே கொடுத்தால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது, லெவோடோபா நுழையும். அது வழியிலேயே வீணாகாதிருக்கக் கார்பிடோபா துணைக்குச் செல்கிறது. புரத உணவோடு சேர்த்து உண்டால் குடலிலும் மூளையின் வாசலிலும் போட்டி ஏற்படும். ஆகவே சிலருக்குப் பருப்புச் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் இடைவெளி வேண்டும். நேரம் தவறினால் உடல் விறைக்கும். மருந்து மிஞ்சினால் கை, கால், கழுத்து தாமாக நெளிந்தாடும். கொடுமை என்னவென்றால், விறைத்து நின்றாலும் 'குடிகாரன்', நெளிந்து ஆடினாலும் 'குடிகாரன்'! வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் தொடக்கத்திலேயே கூடுதலும் நோய், குறைவும் நோய் என்று உணர்த்திவிட்டார். அதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்த நாம், தெருவில் ஒரு மனிதரைக் காணும்போது ஏன் மறந்துவிடுகிறோம்?

மருந்தால் குணமாகாத நோய்க்கு மருத்துவம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். லெவோடோபா நோயை அழிப்பதில்லை, உண்மை. ஆனால் என் தந்தையார் தம் கையால் சோறு பிசைந்து உண்ணும் மணி நேரங்களை அது திருப்பித் தந்திருக்கிறது. மருந்தைத் தவிர வேறு வழிகளும் உண்டு. வாசற்படி அருகே வந்ததும் அவர் கால் தரையில் உறைந்துவிடும். மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்தபடி, அம்மா நடையின் குறுக்கே அடிக்கு ஒரு கோடாகச் சுண்ணாம்புக் கோடு இழுத்தார். ஒவ்வொரு கோட்டையும் தாண்டுவதாக எண்ணிக் கால் எடுத்து வைக்கிறார், கால் வருகிறது! கண் வழியாக வரும் குறிப்பைப் பிடித்துக்கொண்டு மூளை வேறு பாதையில் வேலையை முடித்துக்கொள்கிறது.

ஆகவே என் கருத்து இதுதான். இந்நோயாளியை முதலில் வீழ்த்துவது டோபமின் குறைவு; இரண்டாவதாக வீழ்த்துவது நம் நாக்கு. முதலாவதற்கு மருத்துவர் வேண்டும். இரண்டாவதை நாமே திருத்திக்கொள்ளலாம். ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் கையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். எழுத்துச் சிறுப்பதும் கை வீசாமல் தொங்குவதும் நோயின் முன்னறிவிப்பாகலாம் என்று அந்த வீடுகளில் யார் சொல்வது? நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுகிறோம், சாலை போடுகிறோம். ஒரு மாலைப் பொழுது இதையும் சொன்னால் என்ன? பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சென்ற மாதம் மருத்துவமனைக்குப் போகும் வழியில், அம்பத்தூர் நிலையத்தில் தந்தையாரின் கால் உறைந்துவிட்டது. பின்னால் இருந்த ஒருவர், "யோவ் பெருசு, ஏறுறதா இல்லையா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், புத்தகப் பையோடு நின்ற ஒரு மாணவர், "அவசரப்படுத்தாதீங்க சார், அவருக்கு உடம்பு சரியில்ல போல. அடுத்த வண்டியிலகூடப் போகலாம்" என்றார். எங்களோடு அவரும் நின்றார். அந்த வண்டி போயிற்று. அடுத்த வண்டியில் மூவரும் ஏறினோம். அன்று பட்டரைவாக்கத்தில் நான் செய்திருக்க வேண்டியது இதுதானே?