ஆக்ராவில் ஆறு மணி நேரம்

புகழ் என்பது ஓர் ஊருக்கு அணிகலனுமாகும், திரையுமாகும். பெயர் கேட்டறியாத ஊரில் இறங்குபவன் அங்குள்ளதைக் காண்கிறான். பெயர்பெற்ற ஊரில் இறங்குபவனோ, தான் மனத்தில் எழுதிக்கொண்டு வந்த படத்தோடு அவ்வூரை ஒத்துப்பார்க்கிறான், ஒத்திருப்பின் மகிழ்கிறான், ஒவ்வாதாயின் ஊரின்மீது குறை கூறுகிறான். எம் கல்லூரி மாணவரும் ஆசிரியருமாக நாற்பத்திருவர் வடநாட்டுப் பிரயாணத்தின்போது ஆக்ரா நகரில் தங்கிய சிறுபொழுது இவ்வுண்மையை எமக்கு நன்கு புலப்படுத்திற்று. அது குறித்து எம் மனத்திற் பட்டதை ஒளியாது ஈண்டு உரைக்க விரும்புகின்றோம்.

பன்னிரண்டு நாட்களில் ஏழு நகரங்கள் என்பது எம் பிரயாணத் திட்டம். அவற்றுள் ஆக்ராவிற்கென ஒதுக்கப்பட்டது ஒரு பகல். மார்கழி மாதத்து வடநாட்டு மூடுபனி அப்பகலிலும் ஒரு பங்கினைக் கவர்ந்துகொண்டது. விடியுமுன் சேரவேண்டிய புகைவண்டி ஒன்பது மணிக்குச் சேர்ந்தது. தில்லிக்குச் செல்லும் வண்டியோ பிற்பகல் மூன்று மணிக்கு. எஞ்சியவை ஆறு மணி நேரமே.

தாஜ்மகாலின் வாயிலில் வரிசையாக நின்று, சோதனை முடிந்து உட்புகும்போது பதினொரு மணியாயிற்று. பெருவாயிலைக் கடந்ததும் யாம் கண்டது யாது? வெண்பனியின் நடுவே வெண்கட்டடத்தின் சாயல் போன்ற ஓர் உருவம். குவிமாடத்தின் முடி தெரியவில்லை. நான்கு மினார்களில் இரண்டே தெரிந்தன. நீர்வாவியில் நிழல் விழவில்லை. ஆயினும் நாற்பத்திருவரும் அவ்வுருவத்திற்கு முதுகு காட்டி நின்று கைபேசியிற் படம் எடுத்துக்கொண்டோம். பின்னர்க் காலணிக்கு உறையிட்டு மேலேறினோம். கூட்டம் மிகுதியாதலின், காவலர் ஊதலை ஊதி எம்மை நில்லாதபடி கடத்திவிட்டனர். கல்லறை மாடத்துள் யாம் நின்றது இரண்டு நிமிடமும் இராது.

அடுத்துக் கோட்டை. பேரரசர் ஷாஜகான் 1658-ஆம் ஆண்டு முதல் 1666-இல் உயிர் நீங்குமளவும் தம் மகன் ஔரங்கசீப்பாற் சிறைவைக்கப்பட்டிருந்த இடம் அது. அவர் ஆற்றங்கரை மாடத்திலிருந்து தம் மனைவியின் கல்லறையை நோக்கியிருந்தார் என்ப. அம்மாடத்தருகே நின்று யாமும் நோக்கினோம், பனியே தெரிந்தது. அதன்பின், யாம் வேண்டாமலே வண்டியோட்டி எம்மைச் சலவைக்கற் சாமான் விற்கும் கடையொன்றிற்கு அழைத்துச்சென்றார். ஆறு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் அங்கே கழிந்தது. சாம்பற் பூசணிக்காயைச் சர்க்கரைப் பாகில் இட்டுச் செய்யும் ‘பேட்டா’ என்னும் அவ்வூர்த் தின்பண்டத்தை ஆளுக்கொரு பொட்டலம் வாங்கிக்கொண்டு நிலையத்திற்கு விரைந்தோம்.

வண்டி நகர்ந்த சிறிது நேரத்தில் மாணவர் பலரும் வீட்டிற்குச் செய்தி அனுப்பத் தொடங்கினர். ‘அற்புதம்’, ‘சொல்லி முடியாது’ என்பன போன்ற சொற்கள் பறந்தன. அப்போது மூலையிலிருந்த மாணவர் ஒருவர் மெல்லிய குரலில், “ஐயா, இவ்வளவுதானா?” என்றார். ஒருவரும் விடை கூறவில்லை. அவ்வண்டியில் அன்று பேசப்பட்ட மெய்ம்மொழி அஃதொன்றே என்பது எம் கருத்து. இப்பிரயாணத்திற்காக அவர்தம் அன்னையார் தம் வளையல்களை அடகு வைத்த செய்தியை யாம் பின்னர் அறிந்தோம். அன்னையார்க்கு அவர் யாது எழுதுவார்? ‘பனியைக் கண்டேன்’ என்றா எழுதுவார்? அவரும் ‘அற்புதம்’ என்றே எழுதினார்.

நிற்க. குறை யாரிடத்தது? பனியின்மீது பழி சுமத்துதல் எளிது. ஆயின் அது முழு விடையாகாது. ஏமாற்றத்திலும் இருவகை உண்டு. ஆங்கில ஆசிரியர் அல்டஸ் ஹக்ஸ்லி என்பார் இந்தியாவிற் சுற்றிவிட்டு 1926-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், தாஜ்மகால் தமக்கு ஏமாற்றமளித்ததாக அஞ்சாது எழுதினார். அதன் மினார்கள் அழகற்றவை என்றும் உரைத்தார். அவர் முடிபை யாம் ஒப்புகின்றோமல்லேம். ஆயின் அவர் கண்ணுற்று, பிற நாட்டுக் கட்டடங்களோடு ஒப்பிட்டு, காரணங் காட்டிக் குறை கூறினார். எம் ஏமாற்றத்திற்கோ காரணம் கூறவும் எம்மால் இயலவில்லை. அவர் கண்டு வெறுத்தார். யாம் காணாமலே சலித்தோம்.

ஊர் திரும்பிய இரண்டு வாரங்களில், ‘இவ்வளவுதானா’ என்று வினவிய அம்மாணவரே கல்லூரி நூல்நிலையத்திலிருந்து ஒரு நூலை ஏந்தி எம்மிடம் வந்தார். தாஜ்மகாலின் வாயில் வளைவுகளைச் சுற்றிக் கருங்கல்லிற் பதிக்கப்பெற்ற குர்ஆன் வாசகங்களை எழுதியவர் அமானத் கான் என்பார். கீழிருந்து மேற்செல்லச் செல்ல அவ்வெழுத்துக்கள் பெரியனவாகின்றன. ஆதலின் அண்ணாந்து நோக்குவார்க்கு எல்லாம் ஒரே அளவினவாகத் தோன்றும். நான்கு மினார்களும் சிறிதே வெளிப்புறம் சாய்ந்துள்ளன. நிலநடுக்கத்தில் வீழினும் நடுக்கட்டடத்தின்மேல் வீழாமைப்பொருட்டு அவ்வாறு அமைத்தனர் என்பர். ஆற்றோரத்து நெகிழ்மண்ணிற் கிணறுகள் பல இறக்கி, கல்லும் சாந்தும் நிரப்பி, அவற்றின்மேல் அடித்தளம் இட்டிருக்கின்றனர். 1631-இல் மும்தாஜ் இறந்தபின், 1632 அளவில் தொடங்கிய வேலை, சூழவுள்ள கட்டடங்களும் முற்றுப்பெற இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இவற்றைப் படித்துக்காட்டிய அம்மாணவர், “அந்த எழுத்துக்களின்கீழ்தான் ஐயா நின்றோம், ஒருவரும் தலை நிமிரவில்லையே” என்றார். வாயில் வளைவின் எழுத்தைப் பனி மறைக்கவில்லை. எம் அறியாமையே மறைத்தது.

மற்றொன்றும் கூறவேண்டும். யாம் சென்றது ஒரு கல்லறையைக் காண. ஆக்ரா என்னும் ஊரைக் காண அன்று. அவ்வூரில் மக்கள் வாழ்கின்றனர். தோற்செருப்புத் தொழில் அங்குப் பல்லாயிரவர்க்குச் சோறிடுகின்றது. ஆலைப்புகையாற் சலவைக்கல் கெடுகிறதென்னும் வழக்கில், 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், அவ்வட்டாரத்து 292 தொழிற்சாலைகள் நிலக்கரியைக் கைவிட்டு எரிவாயுவிற்கு மாறல் வேண்டும், இன்றேல் அவ்விடத்தை விட்டு நீங்கல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அவ்வெண்மைக்கு அந்நகரத்து உழைப்பாளரும் விலை கொடுத்திருக்கின்றனர் என்பதை, எம்மை ஏற்றிச்சென்ற வண்டியோட்டியிடம் வினவியிருப்பின் ஒருகால் அறிந்திருப்போம். 1850-ஆம் ஆண்டு முதல் நம்முடையதைப் போலவே மிஷன் கல்லூரியாக விளங்கும் புனித யோவான் கல்லூரியும் அவ்வூரிலேயே உள்ளது. அங்குப் பயில்வாரோடு ஒரு வார்த்தையும் பேசாது வந்தோம். ஆடும் நுனிப்புல் மேயும், ஆயினும் பசியாறும். யாம் மேய்ந்தோம், பசியாறவில்லை.

இனி, எம் கருத்தை மறுப்பாரும் உளர். “எம் மாணவர் பலர்க்கு வடநாடு காண்பது வாழ்நாளில் ஒருமுறையே வாய்க்கும். ஏழு ஊரைக் காட்டாது இரண்டை மட்டுங் காட்டுதல் அவர்க்குச் செய்யும் அநீதியன்றோ?” என்பது அவர் வினா. இவ்வினா இரக்கத்தினின்று எழுந்தது. இதனை யாம் எளிதாகத் தள்ளுகின்றோமல்லேம். ஆயினும், ஒருமுறையே வாய்ப்பதெனின், அம்முறை மெய்யான காட்சியாக இருத்தல் வேண்டாவா? வளையலை அடகு வைத்த தாய்க்கு, மகன் தான் உணராத வியப்பை எழுதியனுப்புமாறு செய்வது எவ்வகை நீதி? ஏழு ஊரின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிவருவது கல்வியன்று. புகைவண்டிக் கால அட்டவணையும் அப்பெயர்களைத் தாங்கியே இருக்கின்றது.

ஆகவே, அடுத்த ஆண்டுப் பிரயாணத்திற்கு ஆயத்தம் செய்வார்க்கு மூன்று வேண்டுகோள்கள் விடுக்கின்றோம். ஏழு ஊர்களையும் விடமுடியாதெனின், அவற்றுள் ஓரூரிலேனும் இரண்டு இரவு தங்குக. ஒரு காலை பனியால் மூடினும் மறுகாலை திறக்கக்கூடும். புறப்படுமுன் சரித்திர ஆசிரியர், தமிழாசிரியர் ஆகியோரைக்கொண்டு மாலைதோறும் அவ்வூரைப்பற்றிப் பேசுவிக்க. நூல்நிலையத்து நூல்களைத் திரும்பியபின் அன்று, செல்லுமுன் திறக்க. மூன்றாவதாக, ஒவ்வொரு மாணவரும் தாம் மெய்யாகக் கண்டதை மட்டும் ஒரு பக்கம் எழுதுக. ‘யான் ஒன்றும் காணவில்லை’ என்று எழுதுவாரும் பிழை செய்தவராகார். ஏமாற்றத்தை ஏமாற்றமென்று கூறத் துணிபவனே மறுமுறை நன்கு காண்பான். இரவல் வியப்பை வீட்டிற்கு அனுப்பியவனோ அவ்வூரோடு தன் கணக்கு முடிந்ததென்றே எண்ணியிருப்பான்.

எமக்கும் ஆக்ராவிற்கும் உள்ள கணக்கு இன்னும் முடியவில்லை. மறுமுறை செல்லும் பேறு வாய்க்குமாயின், பனி இருப்பினும் இல்லாவிடினும், முதற்கண் அவ்வளைவின்கீழ் நின்று தலை நிமிர்வோம்.