மிச்ச மருந்து எவ்வளவு? சாயங்காலம் சோதனை போடுங்கள்!

சூலக்கரை, விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் பொழுது விடியும்போதே வேன் சத்தம் கேட்கும். தூக்குச்சட்டியோடு பெண்கள் ஓடிவந்து ஏறுவார்கள். பட்டாசு ஆலைக்குப் போகும் வேன் அது. போனவர்களை அந்த வேன் சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும்.

சில நாள் வேன் வருவதில்லை. ஆம்புலன்ஸ் வருகிறது.

2012 செப்டம்பர் 5. சிவகாசி அருகே முதலிப்பட்டி. 38 பேர் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12. சாத்தூர் அருகே அச்சங்குளம். 20 பேருக்கு மேல் பலி. 2025 ஜனவரி 4. சாத்தூர் அருகே பொம்மையாபுரம். 6 பேர் பலி. இவை பெரிய விபத்துகள் மட்டும். ஒருவர், இருவர் சாகும் விபத்துகள் பேப்பரில் நாலு வரியோடு முடிந்துபோகின்றன.

ஒவ்வொரு தடவையும் ஒரே காரணம்தான் சொல்லப்படும். "மருந்து உராய்ந்து தீப்பிடித்தது." அத்தோடு கேஸ் பதிவாகும். போர்மேன் கைதாவார். லைசென்ஸ் ரத்தாகும். நிவாரணம் அறிவிக்கப்படும்.

ஆனால் ஒரு கேள்வியை யாரும் உரக்கக் கேட்பதில்லை. தீப்பிடித்த அந்த நேரத்தில், அங்கே எத்தனை கிலோ மருந்து இருந்தது?

பொறியும் குவியலும்

பொறி என்பது எப்படியும் வரும். கல் உரசினால் வரும். இரும்புக் கரண்டி பட்டால் வரும். நைலான் சேலையிலிருந்து கூட வரும். எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் ஒருநாள் தவறும். தவறுகிற நாளில் ரெண்டு பேருக்குக் காயமா, 20 பேர் சாவா என்பதை அங்கே குவிந்து கிடக்கும் மருந்துதான் முடிவு செய்கிறது.

வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் மூன்றும் தனித்தனியாக, காய்ந்த இடத்தில், மூடி வைத்திருக்கும்போது ஆபத்து குறைவு. மூன்றையும் கலந்துவிட்டால் அது வெடிமருந்து. அதன் பிறகு அதற்குப் பகை ஒரு சின்ன உரசல் மட்டும் இல்லை. ஈரமும் பகைதான். கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியப் பவுடர் வேலையைக் காட்டும். உள்ளுக்குள்ளேயே சூடு ஏறும். வாயு கிளம்பும். யாரும் தொடாமலே தீப்பிடிக்கும்.

அதனால்தான் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். மிஞ்சியதை அன்றைக்கே பாதுகாப்பாக அழிக்க வேண்டும். ராத்திரிக்கு வைக்கவே கூடாது. ஒரு வேலை அறையில் 4 பேருக்கு மேல் உட்காரக் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். இதெல்லாம் பட்டாசுத் தொழிலில் புதுசு இல்லை. போர்மேனுக்குத் தெரியும். மருந்து கலக்கும் ஆளுக்கும் தெரியும்.

ஏன் மிஞ்சுகிறது?

தெரிந்தும் ஏன் மிஞ்சுகிறது? காசுதான் காரணம்.

எண்ணிக்கைக்குக் கூலி. எத்தனை வெடி செலுத்தினாயோ அத்தனைக்குத்தான் பணம். காலையில் வந்ததும் மருந்து தயாராக இருந்தால் நாலு ரூபாய் கூடக் கிடைக்கும். ஆகவே முதல் நாளே கலந்து வைக்கத் தோன்றுகிறது. முதலாளிக்கோ, விலை கொடுத்து வாங்கிய மருந்தைத் தீயில் போட மனசு வராது. தீபாவளி நெருங்கினால் ஆர்டர் கழுத்தை நெரிக்கும். திடீரென்று மழை வந்தால் வேலை பாதியில் நிற்கும். கலந்தது கலந்தபடி கிடக்கும்.

இதற்கு மேல் உள்குத்தகை. அச்சங்குளத்தில் லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருந்தது. வேலையோ உள்குத்தகைக்கு எடுத்த பலர் கையில் நடந்தது. அறைக்கு ஒரு குத்தகைக்காரர் என்றால், மொத்த ஆலையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒருவருக்கும் தெரியாது.

முதலிப்பட்டியில் தீயைப் பார்த்து ஊர் ஜனம் ஓடியது. சிலர் காப்பாற்றப் போனார்கள். சிலர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். அதன் பிறகுதான் பெரிய வெடி. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வாசலில் ஒரு போர்டு சொல்லியிருந்தால் அத்தனை பேர் கிட்டே போயிருப்பார்களா?

கிடங்கு எங்கே இருந்தாலும்

பட்டாசு ஆலைக்கு மட்டும் சொல்லும் பேச்சு இல்லை இது. 2024 மே 1-ந் தேதி காரியாபட்டி அருகே ஆவியூரில் கல்குவாரி வெடிமருந்துக் கிடங்கில் சரக்கு இறக்கும்போது வெடித்து 3 தொழிலாளிகள் சிதறிப் போனார்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். லெபனான் நாட்டுப் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் பல வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தது. 2020 ஆகஸ்டு 4-ந் தேதி வெடித்தது. 200 பேருக்கு மேல் பலி. அந்தச் செய்தி வந்த பிறகுதான், சென்னை மணலியில் 2015-ல் பிடிபட்ட சுமார் 700 டன் அதே சரக்கு கன்டெய்னர்களில் கிடப்பது எல்லோர் கண்ணிலும் பட்டது. அவசர அவசரமாக ஐதராபாத்துக்கு லாரி ஏற்றினார்கள். பெய்ரூட் வெடிக்காமல் இருந்திருந்தால்?

சூலக்கரை தொழிற்பேட்டையிலும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆசிட் கேனோ, தின்னர் டின்னோ, ரசாயன மூட்டையோ, எதை வைத்தாலும் என்ன சரக்கு, எத்தனை கிலோ, பக்கத்தில் எது இருக்கிறது என்று சீட்டு ஒட்ட வேண்டும். தீயணைப்பு வண்டி வந்த பிறகு "உள்ளே என்ன இருக்கு?" என்று கேட்கும் நிலைமை வரக்கூடாது.

என்ன செய்யலாம்?

பகலில் ஜீப்பில் போய் ஆலையைப் பார்த்தால் மிச்சம் தெரியாது. வேலை நடக்கும் நேரத்தில் கலந்த மருந்து இருக்கத்தான் செய்யும். கடைசி ஆள் வேனில் ஏறிய பிறகு போய்ப் பார்க்க வேண்டும். அப்போது கலவை அறை காலியாக இருக்க வேண்டும். இருந்தால் சரி. இல்லையென்றால் மறுநாள் பூட்டு.

ஆலை தோறும் ஒரு நோட்டு போதும். இன்றைக்குக் கலந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, அழித்தது எவ்வளவு. மூன்று கணக்கும் இடிக்காமல் இருக்க வேண்டும். கையெழுத்து லைசென்ஸ்காரருடையதாக இருக்க வேண்டும். போர்மேன் தலையில் கட்டக் கூடாது. மழையால் வேலை நின்றால் அந்த நாளுக்குப் பாதிக் கூலியாவது தர வேண்டும். கூலி போகாது என்று தெரிந்தால் தொழிலாளி ஏன் மருந்தைப் பதுக்குகிறான்?

அழிக்கும் மருந்துக்கு நஷ்டம் என்று முதலாளிகள் சொல்வார்கள். நஷ்டம்தான். கொஞ்சமாகக் கலந்தால் நஷ்டமும் கொஞ்சமாகிவிடும். ஒரு வெடிவிபத்தில் ஆலையே போவதை விடவா அது பெரிது?

கலெக்டர் ஆபீஸ் சூலக்கரை போலீஸ் எல்லைக்குள்தான் இருக்கிறது. திங்கட்கிழமை தோறும் ஜனங்கள் மனுவோடு வந்து நிற்கும் இடம். புருஷனைப் பறிகொடுத்தவள் நிவாரணம் கேட்டு அங்கே வருவதற்கு முன்னால், அங்கிருந்து ஒரு ஜீப் சாயங்காலம் 6 மணிக்கு ஆலைப் பக்கம் கிளம்பட்டும்.

கிளம்புமா?